நாக்கை எங்கே வைப்பது

கரூரைத் தாண்டித் தென்னிலை வந்ததுமே மருமகன் காரின் முகப்பில் செருகியிருந்த கைப்பேசி பேச ஆரம்பித்துவிட்டது, தெரிந்த சாலைக்கு வழி சொல்லும் ஒரு பெண்குரல், அது எங்கள் வெள்ளகோவிலை "வெல்லாக்காயில்" என்றது, ள இருக்க வேண்டிய இடத்தில் ல, கோவில் இருந்த இடத்தில் ஏதோ ஒரு காய். மருமகன் காதில் அது உறுத்தவே இல்லை, "இன்னும் அரை மணி நேரம்தான் மாமா, தூங்குங்க" என்றார். தூக்கம் எங்கே வரும், நான் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், சாயங்கால வெயில் கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல்லில் சரிந்து கிடந்தது, கிளுவை வேலி போட்ட காடுகளில் பாதிக்குமேல் இப்போது கம்பிவேலி, வெள்வேல மரத்தடியில் நிற்கும் மாடுகளையும் காணோம். ஊர் நெருங்க நெருங்க அந்த வாசம் மட்டும் மாறாமல் வந்து முகத்தில் ஏறியது, களத்தில் காய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கிய கொப்பரையின் வாசம், பாதி இனிப்பு, பாதி சிக்கு. அதோடு அப்பாருவும் வந்துவிட்டார், அவருடைய சிவப்புத் துணி அட்டை நோட்டும் வந்துவிட்டது.

அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, கொப்பரைத் தரகர். காங்கேயத்து எண்ணெய்ச் செக்குகளுக்கும் ஆலைகளுக்கும் மலையாளத்திலிருந்து கொப்பரை வந்துகொண்டிருந்த காலம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரி வரும், லாரியோடு வியாபாரியோ கணக்குப்பிள்ளையோ வருவார், எங்கள் வாசல் கட்டிலில் உட்கார்ந்து கட்டஞ்சாயா கேட்பார்கள், அப்பத்தா கருப்பட்டிக் காப்பி கொடுப்பாள். அவர்கள் பேசும் தமிழும் அப்பாரு பேசும் மலையாளமும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். ஆனால் அப்பாருவுக்கு நடுவழி போதாது, விலை பேசுகிறவன் வாயிலிருந்து வரும் சொல் எதுவோ அதுவே தன் வாயிலிருந்தும் வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம், "அவம் பேச்சுல பேசுனாத்தான்டா அவன் நம்மளை ஏய்க்க யோசிப்பான்" என்பார். அதற்காக வைத்திருந்ததுதான் அந்த நோட்டு. முன்பாதி கணக்கு, பின்பக்கம் திருப்பினால் சொற்கள், மலையாளம் ஒரு பக்கம், லாரிக்காரர்களிடம் பொறுக்கிய இந்தி ஒரு பக்கம், எல்லாமே தமிழ் எழுத்தில், எழுத்துகளின் தலைமேல் கொசு உட்கார்ந்த மாதிரி பொடிப்பொடி எண்கள்.

அந்த எண்களை அவருக்குக் கொடுத்தவர் அப்போது எங்கள் ஊர் தபால் ஆபீசில் இருந்த போஸ்ட் மாஸ்டர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் விலாசத்தில் கோயம்புத்தூர் ஜில்லா என்று எழுதிய நாட்கள் அவை, பிறகு 1979இல் பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு, 2009இல் திருப்பூர், ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, மாவட்டங்கள் அதன்மேல் வந்து வந்து போயின. போஸ்ட் மாஸ்டர் தினமும் காலையில் சகஸ்ரநாமப் புத்தகம் ஒன்றை வைத்துப் படிப்பார், தமிழ் எழுத்தில் அச்சான சமஸ்கிருதம், அதில் வெறும் க என்றால் ஒரு ஒலி, க² என்றால் அதிலேயே காற்றைச் சேர்த்து விடுவது, க³ என்றால் 'கங்கை'யில் முதலில் வரும் அதிர்வு, க⁴ என்றால் அதிர்வும் காற்றும் சேர்ந்தது. தமிழில் ஒரே க வைத்துக்கொண்டு நாம் இடத்துக்கு இடம் மாற்றி ஒலித்துக்கொள்கிறோம், அந்நிய மொழியை எழுதும்போது அது போதுவதில்லை, பாரதியே இந்தக் குறையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அச்சுக்காரர்கள் கண்டுபிடித்த மலிவான வழி இந்த எண்கள், மதுரை, சேலம் பக்கத்துச் சௌராஷ்டிரர்களும் தங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இதே எண்களைத்தான் போட்டார்கள்.

அப்பாருவுக்கு இதில் பக்தி ஒன்றும் கிடையாது, தொழிலுக்கு உதவுமென்று பிடித்துக்கொண்டார். ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திரிக்கு நேரே வாயை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார், "நெருப்பு ஆடுனா ரெண்டு, ஆடாட்டி ஒண்ணு" என்பார், பிறகு என் கையை இழுத்துத் தன் தொண்டைக்குழியில் வைத்து, "உள்ள வண்டு கத்துதா? அப்ப மூணு", நெருப்பும் ஆடி வண்டும் கத்தினால் நாலு. மலையாளத்தில் சுமைக்குச் சொல்லும் 'பாரம்' அப்படிப்பட்டது, அதை அவர் 'பா⁴ரம்' என்று எழுதியிருந்தார், அதைச் சொல்லும்போதெல்லாம் விளக்கு அணைந்துபோகும், அப்பத்தா உள்ளேயிருந்து "மண்ணெண்ணெய் என்ன சும்மாவா வருது" என்று சத்தம் போடுவாள். மண்ணெண்ணெய்ப் புகை, மூக்குப்பொடி, அவருடைய துண்டில் எப்போதும் ஏறியிருந்த கொப்பரை எண்ணெய், இந்த மூன்றும் சேர்ந்த வாசத்தில்தான் நான் ஒலியியல் படித்தேன், அதற்கு அப்படியொரு பெயர் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'தேங்ஙா'. பள்ளிக்கூடத்தில் ங வரிசை பன்னிரண்டையும் எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம், ஓர் எழுத்துக்கூட வேலைக்கு ஆகவில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது, மலையாளத்தான் தேங்காயை மூக்கால் இழுத்துச் சொன்னதும் சும்மா கிடந்த அந்த எழுத்துக்கு வேலை வந்துவிட்டது. அவரைப் பாடாய்ப் படுத்தியது வேறொன்று, 'என்னுடைய' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'என்றெ', அதில் ன்ற வரும் இடத்தில் நாக்கு மேல்பல்லின் ஈறுக்குச் சற்று மேலே போய்த் தட்டுகிறது, நம்முடைய த மாதிரி பல்லிலும் இல்லை, ட மாதிரி மேலண்ணத்திலும் இல்லை. நாங்கள் 'என்ற ஊட்டுல' என்று சொல்வதற்கும் அதற்கும் ஒரு சுற்று உறவு இருக்கிறது என்று அவர் அடித்துச் சொல்வார், ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை, கடைசியில் ற வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து அதற்கென்று சொந்தக் குறி வைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ரொறன்ரோ என்று எழுதியதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது, நாம் ஆங்கிலத்தின் 'டி'யை ட என்று கேட்கிறோம், அவர்கள் ற, ர என்று கேட்கிறார்கள், அவர்கள் கேட்பதே சரிக்கு அருகில், ஏனென்றால் பழைய ற்ற வின் தட்டு இன்னும் அவர்கள் வாயில் இருக்கிறது, மலையாளத்தார் வாயிலும் இருக்கிறது, நாம்தான் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்கு ஒதுக்கியிருக்கிறார், காற்று கொப்பூழிலிருந்து கிளம்பி நெஞ்சு, மிடறு, தலை என்று நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றில் பட்டு எழுத்தாகிறது என்று, எந்த எழுத்துக்கு நாக்கின் நுனி, எதற்கு நடு, எதற்கு விளிம்பு தடித்து எழும் என்பது வரை. கல்லூரியில் இதைப் படித்த வருஷம் அப்பாருவுக்கு வாயில் பல் ஒன்றும் மிச்சமில்லை, த வும் ந வும் அவருக்கு ஈறில் வழுக்கிக்கொண்டு போயின, நான் நூற்பாவின் பொருளை விளக்கிச் சொன்னதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டு, "பல்லு வேணும்னு முந்தியே சொல்லிப்போட்டானா" என்றார்.

எண்ணெய் வாசத்திலிருந்து மைவாசத்துக்குப் போக எங்கள் ஊரில் ஒரு தெரு தாண்டினால் போதும். கடைவீதியில் ஒரு அச்சாபீஸ் இருந்தது, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வீரக்குமாரசாமி கோயில் சிவராத்திரித் தேர் நோட்டீஸ், இவைதான் வேலை, காலால் மிதிக்கும் டிரெடில் ஒன்று, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த ஈய எழுத்துகள், கூரைக் கண்ணாடி வழியே விழும் ஒரு சதுர வெளிச்சத்தில் கம்பாசிட்டர் நின்றுகொண்டே எழுத்துப் பொறுக்குவார், எழுத்துப்பெட்டியைப் பார்க்கவே மாட்டார், கை தானாகப் போகும். ஏதாவது ஓர் எழுத்து தீர்ந்துபோனால் அந்த இடத்தில் வேறோர் எழுத்தைத் தலைகீழாகச் செருகிவைப்பார், பிறகு மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளம், சிலசமயம் மறந்து அப்படியே அச்சாகி வந்து, மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து சிரசாசனம் செய்துகொண்டிருக்கும்.

ஈரோட்டுக்குக் கல்லூரிக்குப் போனபோது ஹார்ன்பியின் அகராதியைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அதே தலைகீழ் எழுத்துகள். ஆங்கில 'ஈ' எழுத்தைக் கவிழ்த்துப்போட்டால் அந்த மொழியில் பாதிச் சொற்களில் வரும் அந்த மங்கிய உயிர், 'ஆர்' எழுத்தைக் கவிழ்த்து வலப்பக்கம் ஒரு கொக்கி மாட்டினால் நம்முடைய ழ, 'டி', 'என்', 'எல்' மூன்றுக்கும் அதே கொக்கியை மாட்டினால் ட, ண, ள. டி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்களுக்காக எழுதி 1981இல் மேக்மில்லன் வெளியிட்ட ஒலியியல் பாடநூல் இல்லாமல் அன்றைக்கு ஆங்கில இலக்கிய வகுப்பு கிடையாது, பையன்கள் அந்தக் குறிகளைப் பார்த்து மிரண்டார்கள், எனக்கு மட்டும் அது கடைவீதி அச்சாபீசில் பார்த்த சங்கதி. கொஞ்சம் படித்ததும் விஷயம் புரிந்தது, அந்தக் குறிகளைச் செய்தது பாரிசில் 1886இல் பால் பாசி என்ற ஆசிரியரைச் சுற்றிச் சில மொழி வாத்தியார்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு சங்கம், பிள்ளைகளுக்குப் பிறமொழி உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி தேடியவர்கள், பின்னாளில் உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு நெடுங்கணக்கு என்று அந்த வழி வளர்ந்தது, புது அச்சு வார்க்கச் செலவாகும், ஆகவே இருக்கிற எழுத்தையே கவிழ்த்துப் போட்டார்கள். அவர்கள் நடத்திய பத்திரிகை 1970 வரைக்கும் முழுக்க முழுக்க அந்தக் குறிகளிலேயே அச்சானது, அதற்குக் கம்போஸ் செய்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரக்கமாக இருக்கிறது. லண்டனில் ஃபிர்த் என்ற பேராசிரியர் 1934இல் தமிழ் உச்சரிப்புக்கு ஒரு சுருக்கம் எழுதி, ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணத்துக்குப் பின்னிணைப்பாகச் சேர்த்தார், அப்படித்தான் நம் ழ ஒலிக்குறிப்போடு வெள்ளைக்காரர் கைக்குப் போனது.

அந்தச் சங்கத்தின் குறிப்பட்டியலில் என்னை அசைத்துவிட்டது எழுத்தாகவே தோன்றாத ஒரு குறி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெட்டைக்கோடு, தென்னாப்பிரிக்காவில் ஹோசா என்ற மொழியின் பெயரே அந்த ஒலியில்தான் தொடங்குகிறதாம், நாக்கின் ஓரத்தைக் கடைவாயோடு ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. இழுத்துப் பார்த்தேன், எங்கள் பண்ணையத்தில் ஏர் ஓட்டுகிறவர் காங்கேயம் காளைகளைக் கிளப்பக் கன்னத்தோரம் எழுப்புவாரே, அதே ஒலி. ஒற்றைக்கோட்டுக்கு உள்ளதோ இன்னும் பழக்கமானது, துக்க வீட்டுச் சேதி கேட்டதும் அப்பத்தா நாக்கைப் பல்லில் ஒட்டி ஒட்டி எடுப்பாளே, அது. மாட்டுக்கும் சாவுக்கும் மட்டும் நாம் வைத்திருந்த ஒலிகளில் அங்கே ஒரு ஜனம் கதை பேசுகிறது, கல்யாணம் பேசுகிறது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு கன்றையும் தனித்தனிச் சத்தத்தில் கூப்பிடுவாள், ஒவ்வொன்றும் தன் சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கும், அந்தச் சத்தங்களுக்கு எந்தப் பட்டியலிலும் குறி இருப்பதாகத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சின்ன மாமனின் லாரியில் போன நாட்களும் இதோடு பின்னிக்கொண்டு வருகின்றன, தேங்காய் இறக்கிவிட்டு உருளைக்கிழங்கு ஏற்றி வருவோம், விடியற்காலையில் ஈரமண் ஒட்டிய கிழங்கு மூட்டைகளின் வாசமும் வேகவைத்த பாக்கின் துவர்ப்பு வாசமும் பனியில் கலந்து நிற்கும், வெள்ளைத் துணி போர்த்திய படகர் பெரியவர்கள் மண்டிக்காரரோடு விலை பேசுவார்கள். ஒரு கிழவர் பேச்சில் உயிரெழுத்தே வளைந்து வந்தது, ள வோ ட வோ இல்லை, வெறும் 'ஆ', ஆனால் நாக்கு உள்ளே மடங்கிக்கொண்டு சொன்ன 'ஆ', எனக்கு அப்பாருவின் நோட்டு ஞாபகம் வந்தது, அதில் இதற்குக் குறி கிடையாது. இதற்குக் குறி போட்டவர் மரே எமனோ என்று பின்னால் தெரிந்தது, கனடாவில் பிறந்தவர், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரியில் தோடர், கோத்தர், படகர் மொழிகளையும், குடகர் மொழியையும் காதால் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதியவர், சுள்ளி என்ற கோத்தர் சொன்ன கதைகளை அப்படியே குறிகளில் வாங்கிப் புத்தகமாக்கினார். படக மொழியில் உயிர் ஐந்துக்கும் மூன்று நிலை, நேராக ஒன்று, பாதி மடங்கி ஒன்று, முழுக்க மடங்கி ஒன்று என்று 1939இல் அவர் எழுதியதைப் படித்தபோது மண்டியின் அந்தப் பனிக்காலைக் குரல் திரும்பவும் கேட்டது. இப்போது படகர்களிலேயே பலர் வாயில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது என்கிறார்கள்.

தோடர் கதை இன்னும் பெரிது. நமக்கு ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லவே ஆள் தேட வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு ஆறு, மூன்று இடங்களில் மூன்று ர, ஒவ்வொன்றோடும் மெல்லிய யகரம் கலந்தது இன்னொன்று. பீட்டர் லடஃபோகட், 'மை ஃபேர் லேடி' படத்துக்கு ஒலியியல் ஆலோசனை சொன்ன அதே ஆள், நம் பெரி பாஸ்கரராவோடு மலையேறிப் போய் அவற்றைப் பதிவு செய்து, 1996இல் சகாக்களோடு கட்டுரையாக எழுதினார். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எருமை மந்தைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டிருப்பார், கொப்பரைத் தரகர் கட்டிலில் உட்கார்ந்து "அதை இன்னொருக்காச் சொல்லுங்க" என்று பாலக்காட்டுக்காரரைக் கேட்டார். படிப்பில்தான் தூரம், கேட்பதில் இருந்த மரியாதை இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

இன்றைக்கு அந்த "இன்னொருக்கா" யாருக்கும் தேவைப்படவில்லை. பேத்தியின் அகராதி கைப்பேசியில் இருக்கிறது, சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிப் படம், அதைத் தொட்டால் இயந்திரம் சொல்கிறது, அவள் திருப்பிச் சொல்கிறாள், நாக்கு எங்கே போயிற்று என்று அவளுக்கும் தெரியாது, இயந்திரத்துக்கு நாக்கே கிடையாது. குறிகளும் அங்கே பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கின்றன, "அது என்னன்னு தெரியாதுங்க தாத்தா, யாரும் பாக்க மாட்டாங்க" என்கிறாள். அரசாங்கத்துக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது, 2020 ஜூனில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழில் ஒலிப்பதுபோலவே ஆங்கிலத்திலும் எழுதவேண்டும் என்று ஆணை வெளியிட்டார்கள், கோயமுத்தூரின் ஆங்கிலப் பெயர் 'டி ஹெச்' இரண்டு முறை வாங்கிக்கொண்டு நீண்டது, ஊரெல்லாம் சிரித்தது, சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த எழுத்துக்கூட்டல்கள் கோணல்தான், மறுக்கவில்லை, இருபத்தாறு எழுத்தை வைத்துக்கொண்டு ழ, ள, ல மூன்றையும் காட்டு என்றால் யாராக இருந்தாலும் கோணல்தான் வரும். எனக்கு வருத்தம், சிரித்தவர்களில் ஒருவராவது ஒரு புள்ளியையோ கொக்கியையோ பற்றிப் பேசவில்லை, 1936இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடும் போட்டு இந்த மூன்றையும் பிரித்துக் காட்டித் தீர்த்துவைத்த சமாச்சாரம் இது.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பங்காளி ஒருவரின் நூல்மில்லுக்குப் போனேன். வாசல் டீக்கடையில் ஷிப்டு முடிந்த பையன்கள், தலையிலும் புருவத்திலும் பஞ்சு, ஒடியாக்காரர்களும் பீகார்க்காரர்களும். ஒரு பையன் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருந்தான், ஒடியா எழுத்தில் தமிழ்ச் சொற்கள், எனக்கு வாசிக்கத் தெரியாததால் அவனையே படிக்கச் சொன்னேன். ள அவனுக்குத் தடங்கலே இல்லாமல் வந்தது, இந்தியில் இல்லாத ள ஒடியாவில் இருக்கிறது, பக்கத்தில் நின்ற பீகார்ப் பையன் 'வெல்லகோவில்' என்று சொல்ல இவன் 'வெள்ளகோவில்' என்று திருத்தினான். ழ வுக்கு மட்டும் ள வைப் போட்டு அடியில் ஒரு பெருக்கல் குறி வைத்திருந்தான். தேவநாகரிக்காரர்கள் நம் ழ வுக்கென்று ள வின் கீழே புள்ளி வைத்து ஓர் எழுத்தே செய்திருக்கிறார்கள், அதை இவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தானாகவே யோசித்திருக்கிறான். "இது எதுக்கு?" என்று பெருக்கல் குறியைக் காட்டிக் கேட்டேன், வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டி, "இங்க தொடக் கூடாதுங்கண்ணா" என்றான். ஆர்டன் இலக்கணத்துக்குப் பின்னால் ஃபிர்த் பக்கக்கணக்கில் எழுதியதை அவன் இரண்டு கோட்டில் முடித்துவிட்டான்.

மேற்கொண்டு படிக்கச் சொன்னேன். தண்ணீருக்கு எதிரே 'தண்ணீங்க' என்றிருந்தது, சோற்றுக்குச் 'சோறுங்க', சம்பளத்துக்குச் 'சம்பளம்ங்க', லீவுக்கு 'லீவுங்க', எங்கள் ஊரில் எந்தக் கடையில் எதைக் காட்டி இது என்ன என்று கேட்டாலும் அப்படித்தானே பதில் வரும், அவன் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான். டீ மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "நீங்களாவது திருத்திச் சொல்லுங்கண்ணா, போன வாரம் முருங்கைச் சந்தையில வெலை கேட்டு மானத்தை வாங்கிட்டான்" என்றார். நான் திருத்தவில்லை, டீக்குக் காசு கொடுக்கையில் அவன் நோட்டைத் திருப்பி என் முகத்தைப் பார்த்து, பென்சிலை எடுத்து, "அண்ணா, உங்க பேருங்க?" என்றான்.